மக்காச்சோளக் காட்டின் நடுவே 1,800 பேர்

மகள் மருத்துவர். அமெரிக்காவில் பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. விசா நிபந்தனைப்படி, மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தால்தான் அங்கே தொடர்ந்து இருக்க முடியும். அயோவா மாநிலத்தில் 1,800 பேர் வாழும் ஒரு விவசாய ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. "அமெரிக்கா என்று சொல்லி அனுப்பினோம், கடைசியில் கிராமத்தில் போய் விழுகிறாள். அது எப்படிப்பட்ட ஊர்? எப்படிப்பட்ட மனிதர்கள்? நம் கிராமம் போலத்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

கோவையில் வேளாண் பொறியியல் படித்துவிட்டு, ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்தவன் நான். பிறகு பதினேழு ஆண்டுகள், தானியம் உலர்த்தும் இயந்திரங்களைப் பழுது பார்க்கவும் விற்கவும் அந்த மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்களை எல்லாம் சுற்றினேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் 'கிராமம்' என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். நம் ஊரில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், வயல் ஊருக்கு வெளியே இருக்கும். உழுகிறவன் மாலையில் ஊருக்குத் திரும்புவான். அங்கே விவசாயி ஊரில் வசிப்பதே இல்லை. அவன் வீடு அவன் காட்டுக்குள் இருக்கிறது. அடுத்த வீடு அரை மைலோ ஒரு மைலோ தள்ளி. 'ஊர்' என்று நீங்கள் வரைபடத்தில் பார்ப்பது, சுற்றியுள்ள பண்ணைகள் வந்துபோவதற்காக ஏற்பட்ட கடைத்தெரு. பள்ளி, தபால் நிலையம், வங்கி, நான்கைந்து தேவாலயங்கள், தானியக் கிடங்கு, அவற்றில் வேலை செய்கிறவர்கள், நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குள் குடிவந்த முதியவர்கள். அவ்வளவுதான்.

இது தற்செயலாக வந்த அமைப்பு அல்ல. 1785ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மேற்கே கிடந்த நிலம் முழுவதையும் கட்டம் கட்டமாக அளக்கச் சொன்னது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு பெரிய சதுரம். அதற்குள் 36 சிறு சதுரங்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். பதினாறாவது சதுரம் பள்ளிக்கூடத்துக்கு. அரசு நிலத்தை விற்றபோதும், 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் வீதம் இலவசமாகக் கொடுத்தபோதும் இந்தக் கட்டங்கள்தாம் கணக்கு. இலவச நிலம் வாங்கியவர் அதிலேயே ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீடு காட்டுக்குள் போய்விட்டதில் வியப்பென்ன? விமானத்திலிருந்து பார்த்தால் கணக்கு நோட்டு போலத் தெரியும். மைலுக்கு ஒரு சாலை, நேர் வடக்கு தெற்காக, நேர் கிழக்கு மேற்காக. வழி கேட்டால் யாரும் இடது, வலது என்று சொல்ல மாட்டார்கள். "வடக்கே மூன்று, மேற்கே ஒன்றரை" என்பார்கள். உங்கள் மகள் ஒரு மாதத்துக்குள் திசை பழகிவிடுவாள்.

அந்த நிலம் ஏற்கெனவே ஆட்கள் வாழ்ந்த நிலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெஸ்க்வாக்கி, சாக், அயோவே, டகோட்டா என்ற பழங்குடி மக்களிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் பிடுங்கப்பட்டது அது. மெஸ்க்வாக்கிகள் 1857இல் டாமா மாவட்டத்தில் 80 ஏக்கரைப் பணம் கொடுத்து விலைக்கு வாங்கித் திரும்பி வந்தார்கள். தங்கள் மண்ணுக்குத் தாங்களே கிரயம் கொடுத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊர்களை உண்டாக்கியது ரயில். குதிரை வண்டியில் தானியம் ஏற்றிய ஒருவன் காலையில் புறப்பட்டு, இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். எனவே ஆறேழு மைலுக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஓர் ஊர். தண்டவாளத்தின் ஓரத்தில் உயர்ந்து நிற்கும் தானியக் கோபுரத்தை அவர்கள் 'எலிவேட்டர்' என்கிறார்கள். நமக்குக் கோயில் கோபுரம் தெரிந்தால் ஊர் நெருங்கிவிட்டது என்று பொருள். அங்கே பத்து மைலுக்கு அப்பாலிருந்தே அந்த வெள்ளைக் கான்கிரீட் உருளைகள் தெரியும்.

நான் பிழைத்தது அதை நம்பி. செப்டம்பர் கடைசியில் அறுவடை தொடங்கினால் நவம்பர் வரை எலிவேட்டரில் இரவு பகல் கிடையாது. லாரி எடை மேடையில் ஏறும். மேலிருந்து ஒரு நீண்ட குழாய் இறங்கித் தானியத்துக்குள் குத்தி மாதிரி எடுக்கும். ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல் போனால் விலையில் பிடித்தம். வயலிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு வரும் மக்காச்சோளத்தைக் காயவைக்க எரிவாயு அடுப்புகள் உறுமிக்கொண்டே இருக்கும். ஊர் முழுவதும் வறுத்த சோளத்தின் வாசனையும், செந்நிறச் சக்கைத் தூசியும். அந்த இரண்டு மாதம் மகள் வேலை செய்யும் மருத்துவமனைக்கு மூச்சிரைப்போடு வருகிறவர்கள் கூடுவார்கள். தூசிதான் காரணம். இன்னொன்றையும் அவள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிடங்குக்குள் தானியம் கட்டிபிடித்துவிட்டது என்று இறங்கும் ஆள், அடியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் சில நொடிகளில் இடுப்பு வரை புதைந்துபோவான். புதைமணல் போலத்தான். மீட்கப் போகிறவர்கள் அந்த ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையினர். அதாவது, வங்கிக் காசாளர், பள்ளி ஆசிரியர், மெக்கானிக். சம்பளம் கிடையாது. நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பல ஊர்களில் ஒரு சங்கு ஊதும். அது வெறும் நேரச் சங்கு. வேறு நேரத்தில் ஊதினால் எல்லாரும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இனி முக்கியமான விஷயம். அந்த ஊர்களைப் பார்க்கும் நம்மவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இவ்வளவு செழிப்பான மண், கடைத்தெருவில் பாதிக் கடை ஏன் பூட்டிக் கிடக்கிறது?" நம் மனத்தில் ஊர் காலியாவதென்றால் ஏரி வற்றியிருக்க வேண்டும், மழை பொய்த்திருக்க வேண்டும். அங்கே நேர்மாறு. அந்த ஊர்களைக் காலி செய்தது விளைச்சல்.

1926இல் ஹென்றி வாலஸ் என்ற அயோவாக்காரர் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் அவர் விவசாய அமைச்சராகவும் துணைக் குடியரசுத் தலைவராகவும் ஆனார். அதுவரை ஏக்கருக்கு 40 புஷல் கிடைத்தால் பெரிய விஷயம். இன்று 200 புஷல் சாதாரணம். ஒரு புஷல் மக்காச்சோளம் 25 கிலோவுக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஐந்து டன். விதை, உரம், களைக்கொல்லி, பெரிய டிராக்டர் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் ஒருவன் தனியாக உழக்கூடிய பரப்பைக் கூட்டியது. 1930களில் அயோவாவில் இரண்டு லட்சத்துக்கும் மேல் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் சுமார் 87,000. அப்பாவும் மகனும் மட்டுமே 2,000 ஏக்கர் பார்த்துக்கொள்ளும் பண்ணைகளை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு பண்ணை பக்கத்துப் பண்ணையை வாங்கும்போது நிலம் எங்கும் போவதில்லை, விளைச்சல் குறைவதில்லை. போவது ஒரு குடும்பம். பள்ளியில் நான்கு பிள்ளைகள், தேவாலயத்தில் ஒரு பெஞ்சு, முடிதிருத்தகத்தில் மாதம் மூன்று தலைகள். இப்படியே நூறு குடும்பம் போனால் மளிகைக் கடைக்குக் கட்டுப்படியாகாது.

இதில் 1980கள் ஒரு தனி அத்தியாயம். எழுபதுகளில் தானிய விலை ஏறியது, நிலத்தின் விலை பறந்தது, வங்கிகள் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. 1979 இறுதியில் வட்டி விகிதம் உயரத் தொடங்கியது. 1980 ஜனவரியில் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்க அதிபர் கார்ட்டர் தடை போட்டார். 1981இல் அயோவாவில் ஏக்கர் சராசரியாக 2,147 டாலர். 1986இல் 787 டாலர். பலருக்கு ஈடு வைத்த நிலத்தின் மதிப்பு கடனைவிடக் குறைந்துபோனது. பண்ணை வீட்டு முற்றத்திலேயே ஏலம் நடக்கும். தாத்தாவின் டிராக்டரை அக்கம்பக்கத்தார் கூடி நின்று ஏலம் கேட்பார்கள். தற்கொலைகள் நடந்தன. அதைப் பற்றி இன்றும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் கடன் வாங்கத் தயங்கினாலோ, ஒரே டிரக்கை இருபது ஆண்டு ஓட்டினாலோ, அதற்குப் பின்னால் அந்த ஆண்டுகள் இருக்கின்றன என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்று நிலை தலைகீழ். 2023இல் ஏக்கர் சராசரி 11,835 டாலர். 320 ஏக்கர் வைத்திருக்கும் கிழவர் காகிதத்தில் ஏறக்குறைய 38 லட்சம் டாலருக்குச் சொந்தக்காரர். அவர்தான் எண்ணெய்க் கறை படிந்த தொப்பியோடு மகளிடம் வந்து, இந்த மாத்திரையில் விலை குறைந்தது இருக்கிறதா என்று கேட்பார். தோற்றத்தை வைத்து யாரையும் எடை போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். முக்கியமாக, "உங்களுக்கு எத்தனை ஏக்கர்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. நம் ஊரில் இது பேச்சைத் தொடங்கும் கேள்வி. அங்கே அது வங்கிப் புத்தகத்தைக் காட்டச் சொல்வதற்குச் சமம். நான் முதல் வாரமே கேட்டேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "வாரம் முழுவதும் வேலை இருக்கும் அளவுக்கு" என்றார். பிறகுதான் விளங்கியது.

அவர்களின் பேச்சே தனி. மிக நல்ல விளைச்சலைப் பற்றிக் கேட்டால் "மோசமில்லை" என்பார்கள். இதற்கு மேல் ஒரு பாராட்டு அவர்கள் அகராதியில் இல்லை. மகள் யாருடைய உயிரையாவது காப்பாற்றினால்கூட "அந்த டாக்டரம்மா பரவாயில்லை" என்றுதான் காபிக் கடையில் பேசிக்கொள்வார்கள். அது ஊரே எழுந்து கைதட்டியதற்குச் சமம். வலியைக் கேட்டாலும் இதே குறைத்தல்தான். பத்துக்கு இரண்டு என்று சொல்லும் விவசாயிக்கு எலும்பு முறிந்திருக்கலாம். அறுவடைக் காலத்தில் ஒருவர் தாமாக மருத்துவரிடம் வருகிறார் என்றால், உடனே பார்க்க வேண்டும். மனைவி இழுத்துக்கொண்டு வந்திருந்தால் இன்னும் வேகமாக.

விடைபெறுவதும் ஒரு சடங்கு. இரண்டு தொடைகளையும் தட்டிக்கொண்டு "சரி, அப்போது..." என்று எழுவார்கள். அது தொடக்கம். வாசலில் பத்து நிமிடம், கார்க் கதவைப் பிடித்தபடி இன்னும் பத்து நிமிடம். இதில் மட்டும் நம்மவர்களும் அவர்களும் சொந்தக்காரர்கள். சாலையில் எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் இல்லை. பதிலுக்குத் தூக்காவிட்டால் குற்றமில்லை, ஆனால் கவனிப்பார்கள்.

அவர்கள் கவனிக்காதது எது? இதுதான் அந்த ஊர்களின் வரமும் சாபமும். என் இரண்டாவது குளிர்காலத்தில் பனியில் வழுக்கிக் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இருபது நிமிடத்தில் ஒருவர் டிராக்டரோடு வந்தார். சங்கிலி மாட்டினார், இழுத்துவிட்டார், பணத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார், போய்விட்டார். மொத்தம் ஆறு வாக்கியம் பேசியிருப்பார். மறுநாள் இருபது மைல் தள்ளி வேறோர் ஊரின் காபிக் கடையில் உட்கார்ந்தேன். பரிமாறிய பெண், "புது டயர் வாங்கினீர்களா?" என்று கேட்டார். உதவியும் ஒட்டுக்கேட்பும் ஒரே கம்பியில் வரும். ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது.

காபிக் கடை என்றேன். காலை ஆறு மணிக்கே ஓய்வுபெற்ற விவசாயிகள் ஒரு நீள மேசையைப் பிடித்துவிடுவார்கள். அன்றைய காபிக்கு யார் பணம் கொடுப்பது என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். பேச்சு மழை, விலை, நேற்றைய ஆட்டம், செத்தவர்கள். கடை மூடிய ஊர்களில் இந்த மேசை பெட்ரோல் நிலையத்துக்கு இடம் மாறியிருக்கும். பெரும்பாலும் கேசீஸ் என்ற கடைதான். 1968இல் அயோவாவின் பூன் நகரில் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத சிற்றூர்களில் பெட்ரோலும் பாலும் பீட்சாவும் விற்றே வளர்ந்தது. காலையில் முட்டை போட்ட பீட்சா விற்பார்கள். சிரிக்காதீர்கள், நன்றாகவே இருக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளிகளை இணைத்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வோர் ஊரும் தன் பெயரை விட்டுக்கொடுக்க மறுத்ததால், இணைந்த பள்ளிகளின் பெயர் ரயில் பெட்டி போல நீண்டது. பீமன், கான்ராட், லிஸ்கோம், யூனியன், விட்டன் என்ற ஐந்து ஊர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஒரு பள்ளி மாவட்டத்துக்கு 'பி.சி.எல்.யூ.டபிள்யூ.' என்று பெயர். இதில் கடைசி இரண்டு ஊர்களுக்கு ஒரு கதை உண்டு. அயோவாவில் அப்போது பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆறு பேர். மூவர் எதிர்ப்பக்கத்தில் பந்து போட, மூவர் தம் பக்கத்தில் தடுக்க. நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது, பந்தை இருமுறைக்கு மேல் தட்டக் கூடாது. நாட்டின் மற்ற இடங்களில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அயோவாவில் இந்த ஆட்டத்தைப் பார்க்க டி மொய்ன் நகரின் பெரிய அரங்கம் நிரம்பும். ஊர்கள் பூட்டிக்கொண்டு போய்விடும். 1968 இறுதி ஆட்டத்தில் யூனியன்-விட்டன் பள்ளி, எவர்லி பள்ளியைக் கூடுதல் நேரத்தில் 113-107 என்று வென்றது. விட்டன் ஊரின் டெனிஸ் லாங் 64 புள்ளிகள், எவர்லியின் ஜெனட் ஓல்சன் 76 புள்ளிகள். மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் ஆண்கள் தொழில்முறை அணி லாங்கைத் தேர்வுப் பட்டியலில் எடுத்தது. தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் அதை ரத்து செய்தது. ஆறு பேர் ஆட்டம் 1993இல் முடிந்துபோனது. சில நூறு பேர் வாழ்ந்த ஊரின் பெண் டெனிஸ் லாங் என்பதை இன்றும் அந்தப் பக்கத்துக் கிழவர்கள் சொல்லி முடிக்கும்வரை நாம் எழுந்திருக்க முடியாது.

இவர்களின் குணத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கர்ஸ்பர்க் ஊரைச் சொல்வேன். பட்லர் மாவட்டத்தில் அப்போது சுமார் 1,900 பேர் வாழ்ந்த ஊர். உங்கள் மகள் போகும் ஊரின் அளவுதான். மாவட்டம் முழுவதும் தேடினாலும் ஒரு போக்குவரத்து சிக்னல்கூடக் கிடையாது என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். 2008 மே 25, ஞாயிற்றுக்கிழமை மாலை, உச்சநிலைச் சுழற்காற்று ஒன்று ஊரின் தென்பகுதியை வழித்துக்கொண்டு போனது. உயர்நிலைப் பள்ளி தரைமட்டம். ஊரில் ஏழு பேர் இறந்தார்கள், அடுத்த ஊரில் இரண்டு பேர். பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் எட் தாமஸ், 1975 முதல் அங்கே இருந்தவர். அவர் வீடும் போய்விட்டது. இலையுதிர்காலத்தின் முதல் ஆட்டம் நம் மைதானத்திலேயே நடக்கும் என்றார் அவர். வீடில்லாத ஊரில் மைதானம் எதற்கு என்று வெளியாருக்குத் தோன்றலாம். ஊரார் மண்டியிட்டுப் புல்லுக்குள் கிடந்த கண்ணாடிச் சில்லையும் ஆணியையும் கையால் பொறுக்கினார்கள். ஆட்டம் அங்கேதான் நடந்தது.

அடுத்த ஆண்டு, 2009 ஜூன் 24 காலை, மாணவர்கள் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த கூடத்தில், மனநோயால் பாதிக்கப்பட்ட அவருடைய முன்னாள் மாணவன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். இரு குடும்பங்களும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். தாமஸின் மகன் ஓரிரு நாளுக்குள் ஊராரிடம் சொன்னது, சுட்டவனின் பெற்றோருக்காகவும் ஜெபியுங்கள், அவர்களும் துயரத்தில் இருக்கிறார்கள் என்ற பொருளில். இதை வெறும் நல்ல மனம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1,900 பேர் ஊரில் பகை என்பது கட்டுப்படியாகாத ஆடம்பரம். நாளைக்கு மளிகைக் கடையில் அதே முகத்தைப் பார்க்க வேண்டும், ஞாயிறன்று பக்கத்து பெஞ்சில் உட்கார வேண்டும். ஆனால் அதே வேளையில், ஒரு பையனின் மனம் ஆண்டுக்கணக்கில் சிதைந்துகொண்டிருக்கும்போது மைல்கணக்கில் ஒரு மனநல மருத்துவர் இல்லாத நாட்டுப்புறமும் அதுதான். மகளிடம் வரும் நோயாளிகளில் பலருக்கு உண்மையான நோய் அதுவாக இருக்கும். அவர்கள் முதுகுவலி என்று சொல்வார்கள்.

வெளியாரை எப்படி நடத்துவார்கள்? நேர்மையாகச் சொன்னால், மரியாதையாக, தூரத்தில் வைத்து. வரவேற்பு உடனே கிடைக்கும். உள்ளே விடுவதற்கு ஆண்டுகள் ஆகும். முப்பது ஆண்டு முன் குடிவந்தவரை இன்றும் 'புதிதாக வந்தவர்' என்பார்கள். விந்தை என்னவென்றால், அவர்களே வந்தேறிகள்தாம். பார்க்கர்ஸ்பர்க் பக்கம் எல்லாம் ஜெர்மனியின் வடமேற்குக் கரையிலிருந்து வந்த கிழக்கு ஃபிரீசியர்கள். வீட்டில் தங்கள் மொழிதான் பேசினார்கள். முதல் உலகப் போர் நடந்த 1918 மே மாதம், ஆளுநர் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார்: பள்ளியில், பொது இடத்தில், தொலைபேசியில், தேவாலயத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. ஸ்காட் மாவட்டத்தில் போனில் ஜெர்மன் பேசிய பண்ணைப் பெண்களிடம் 225 டாலர் தண்டம் வாங்கினார்கள். மொழிக்காகத் தண்டம் கட்டியவர்களின் கொள்ளுப்பேரன், இன்று கடையில் ஸ்பானிஷ் கேட்டால் முகம் சுளிக்கிறான். இதை ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பாட்டி தூக்கத்தில் ஜெர்மன் பேசுவாள்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்பானிஷ் ஏன் கேட்கிறது என்றால், இறைச்சிக் கூடங்கள். மாநிலத்தில் மனிதர்கள் 32 லட்சம், பன்றிகள் இரண்டு கோடிக்கு மேல். அவற்றை வெட்டிப் பதப்படுத்தும் வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதில்லை. ஸ்டார்ம் லேக் போன்ற ஊர்களில் மெக்சிகோ, குவாத்தமாலா, லாவோஸ் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அங்கே பள்ளிகள் நிரம்பியிருக்கின்றன, கடைகள் திறந்திருக்கின்றன. சுருங்காமல் இருக்கும் ஊர்கள் பெரும்பாலும் இவைதாம். போஸ்ட்வில் ஊரில் 2008 மே 12 அன்று குடியேற்ற அதிகாரிகள் ஓர் இறைச்சிக் கூடத்தில் புகுந்து ஒரே நாளில் 389 தொழிலாளர்களைக் கைது செய்தார்கள். சில ஆயிரம் பேர் வாழும் ஊர் அது. மீதமிருந்த குடும்பங்கள் கத்தோலிக்கத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தன. உள்ளூர்க்காரர்கள் சோறு போட்டார்கள்.

நம்மவர்கள் அறவே இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து விடுதியை நடத்துவது அநேகமாக ஒரு குஜராத்திக் குடும்பமாக இருக்கும். தயிர் உறை அங்கே கிடைக்கும். தமிழ்நாட்டுக்கும் இந்த மண்ணுக்கும் வேறொரு உறவும் உண்டு. கிரெஸ்கோ பக்கத்துப் பண்ணையில் 1914இல் பிறந்து, ஓர் அறைப் பள்ளியில் படித்து, 1970இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நார்மன் போர்லாக்கின் கோதுமையை இந்திய வயலுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் நம் எம்.எஸ். சுவாமிநாதன். போர்லாக் உருவாக்கிய உலக உணவுப் பரிசின் முதல் விருதை 1987இல் பெற்றவரும் அவரே. அந்தப் பரிசின் அலுவலகம் டி மொய்ன் நகரில். ஊர்ப் பெரியவர்களிடம் மகள் இதைச் சொன்னால், ஒரு நாற்காலி கூடுதலாக நெருங்கும்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். பன்றிக் கொட்டகையின் காற்று ஊர்ப் பக்கம் வீசும் நாளில் சன்னலைத் திறக்க முடியாது. "பணத்தின் வாசனை" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பணம் யாருக்கு என்பது வேறு கேள்வி. வயலுக்கு அடியில் சதுப்பு நீரை வடிக்கப் புதைத்த குழாய்கள், உரத்தின் நைட்ரேட்டையும் சேர்த்து ஆற்றுக்குக் கொண்டுபோகின்றன. டி மொய்ன் குடிநீர் அமைப்பு 2015இல் மேல்பக்கத்து மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மீது வழக்குப் போட்டது. 2017இல் தள்ளுபடியானது. அந்த வழக்கின் பின்னணியில் இருந்த பணத்தைத் தோண்டித் தலையங்கம் எழுதியவர் ஸ்டார்ம் லேக் ஊரின் சிறு பத்திரிகை ஆசிரியர் ஆர்ட் கல்லன். 2017இல் புலிட்சர் பரிசு பெற்றார். சொந்த ஊர் விவசாயிகள் முகத்துக்கு நேரே எழுதிவிட்டு, மறுநாள் அதே தெருவில் நடக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று மேலே சொன்னதையெல்லாம் படித்த உங்களுக்குத் தெரியும். மகளின் வீட்டில் கிணற்று நீர் என்றால் முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

குளிர் பற்றிப் பயமுறுத்த வேண்டாம். ஜனவரியில் சில நாள் மைனஸ் 25 டிகிரிக்கும் போகும். காரில் கம்பளி, மண்வாரி, மெழுகுவர்த்தி வைத்திருக்க வேண்டும். குளிரைவிடக் கடினம் ஞாயிற்றுக்கிழமை மதியம். தேவாலயம் முடிந்து எல்லாரும் குடும்பத்தோடு சாப்பிடப் போய்விடுவார்கள். தெருவில் ஒரு நாய்கூட இருக்காது. தனியாக வாழும் இளம்பெண்ணுக்கு அந்த மூன்று மணி நேரம்தான் மலை. முதல் ஆறு மாதம் அந்த நேரத்தில் நீங்கள் தொலைபேசியில் பேசுங்கள். அங்கே மதியம் என்றால் நமக்கு நள்ளிரவு. விழித்திருங்கள்.

பிறகு ஒரு நாள் யாராவது இறந்துபோவார்கள். இறுதிச் சடங்கு முடிந்து தேவாலயத்தின் அடித்தளத்தில் சாப்பாடு போடுவார்கள். பன்றித்தொடை இறைச்சி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் சுட்ட தட்டு, பழத்துண்டு மிதக்கும் ஜெல்லி. அந்த ஜெல்லியை அவர்கள் சாலட் என்பார்கள், மறுத்துப் பேச வேண்டாம். ஆளுக்கொரு பண்டம் செய்து எடுத்துவர வேண்டும். மகளிடமும் யாராவது, "நீங்கள் ஏதாவது கொண்டுவர முடியுமா?" என்று கேட்பார்கள். அன்றைக்குத்தான் அவளை ஊரில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். எலுமிச்சைச் சாதம் செய்துகொண்டு போகட்டும். மிளகாயைப் பாதியாகக் குறைக்கட்டும். பாத்திரத்தின் அடியில் பெயரை ஒட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வராது.

குக்கர், தாளிப்புக் கரண்டி, அஞ்சறைப் பெட்டி இவற்றை இங்கிருந்தே கொடுத்து அனுப்புங்கள். பருப்புக்கு டி மொய்ன் போக வேண்டியிருக்கும், இரண்டு மணி நேரம். காய்க்குக் கவலை இல்லை. அந்த ஊர்களில் காரை யாரும் பூட்டுவதில்லை, ஆகஸ்ட் மாதம் தவிர. ஏனென்றால் ஆகஸ்டில் பூட்டாத காரின் இருக்கையில் யாராவது ஒரு மூட்டை சுக்கினி, அதாவது சுரைக்காய் போன்ற ஒரு காயை, வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தோட்டத்தில் அது காய்த்துத் தள்ளும், கொடுக்க ஆள் இருக்காது. இது அவர்களின் பழைய நகைச்சுவை, ஆனால் எனக்கு நிஜமாகவே இரண்டு முறை நடந்தது. மகளைப் பூட்டாமல் விடச் சொல்லுங்கள். பாசிப்பருப்பும் சீரகமும் தேங்காயும் அரைத்துவிட்டுக் கூட்டு வைத்தால் சுரைக்காய்க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.